மிஸ் அடிலெய்டின் நாலு வரி

ஆர்லோ வாயைத் திறந்தபடி அப்படியே நின்றான். சத்தம் வரவில்லை.

ஹோட்டல் கூடத்தில் கூடியிருந்த அத்தனை பேரும் திகைத்துப் போனார்கள். திரைக்குப் பின்னால் தன் முறைக்குக் காத்திருந்த ஹெட்டிக்கும் பகீரென்றது.

போட்டி இதுதான். எதிர்ச்சாரியில் இருக்கும் நாடக அரங்கில் மிஸ் அடிலெய்டின் ஆவி இருப்பதாக ஊரே சொல்லும். அடிலெய்ட், முதல் நாள் மேடையிலேயே வசனத்தை மறந்துவிட்ட நடிகை. அவளைப் போல வேடம் போட்டு அவளுடைய நாலு வரிகளைப் பேச வேண்டும். ஜெயிக்கிற பிள்ளைதான் சனிக்கிழமை ஆவி விளக்கை ஏற்றும். நாடகம் முடிந்து எல்லாரும் போன பிறகு, ஆவி இருட்டில் தவிக்காமல் இருக்க மேடை நடுவே எரியவிடும் ஒற்றை பல்பு அது.

அதை ஏற்ற ஹெட்டி மூன்று வருடமாகத் தவம் கிடக்கிறாள். அப்பா அங்கேதான் வேலை செய்கிறார். ஆனாலும் அந்த சுவிட்சைத் தொட அவளை யாரும் விட்டதில்லை.

"விளக்கை அணைக்காதீங்க..." என்றான் ஆர்லோ மறுபடி. அவ்வளவுதான். அவனுக்கு ஆறு வயது. போர்த்தியிருந்த படுக்கை விரிப்பு தரையைப் பெருக்கியது. உதடு பிதுங்கியது.

"போச்சு, அழப் போறான்," என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

அவன் தோற்றால் பரிசு எனக்குத்தான் என்று ஹெட்டியின் மனம் கணக்குப் போட்டது. உடனே அவளுக்கே வெட்கமாகப் போய்விட்டது.

நடிகர்கள் மறந்தால் திரைமறைவில் இருந்து அடி எடுத்துக் கொடுப்பதுதான் அப்பாவின் வேலை. "ஒரே ஒரு வார்த்தை. உதடு அசையக் கூடாது. கொடுத்தது யாருன்னு கடைசி வரைக்கும் தெரியவே கூடாது," என்பார்.

ஹெட்டி மூச்சை இழுத்தாள். "வாசல்ல..."

ஆர்லோவின் காதுக்கென்று சொன்னதுதான். ஆனால் ஊசி விழுந்தால் கேட்கும் அமைதியில் அது உயரமான கூரையில் பட்டுக் கூடம் முழுக்கப் பரவியது.

"ஐயோ!" ஹோட்டல் மேனேஜர் ப்ரூஸ்டர் துள்ளி எழுந்தார். காபி முழுக்க அவர் கால்சட்டையில். "யார் பேசினது?"

"ஆவி! அடிலெய்ட் வந்துட்டா!" கூட்டம் அலறியது.

ஆர்லோ மட்டும் அசரவில்லை. "வாசல்ல பனி கொட்டுது. போக எனக்கு இடமில்லை. இந்த மேடைதான் என் வீடு!" என்று கணீரென்று முடித்தான்.

அடுத்து ஹெட்டி அருமையாகப் பேசினாள். யார் கேட்டார்கள்? நடுவர் உட்பட எல்லாரும் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பரிசு ஆர்லோவுக்குப் போனது. ஆனாலும் அந்த வார்த்தையைச் சொன்னது தான்தான் என்று ஹெட்டி யாரிடமும் சொல்லவில்லை. அப்பாவின் விதி ஆயிற்றே.

வெளியே வந்ததும் ஆர்லோ ஓடி வந்தான். "ஹெட்டி, சனிக்கிழமை நீயும் வர்றியா? ரெண்டு பேரும் சேர்ந்து போடலாம். எனக்கு சுவிட்ச் எட்டாது."

ஹெட்டியின் முகம் மலர்ந்துவிட்டது. "கட்டாயம் வர்றேன்டா!"

"அந்த அக்கா ரொம்ப நல்லவங்க, இல்ல?"

"எந்த அக்கா?"

"என் பக்கத்துலயே நின்னாங்களே! 'நானும் ஒரு தடவை இப்படித்தான் மறந்துட்டேன், பயப்படாதே'ன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. கை ஜில்லுன்னு இருந்துச்சு. அப்புறம்தான் 'வாசல்ல'ன்னு கேட்டுச்சு."

ஹெட்டிக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அவள் சொன்னது ஒரே ஒரு வார்த்தைதான். அவன் பக்கத்தில் யாரும் நிற்கவும் இல்லை.

அவள் மெல்லத் திரும்பி எதிரே இருந்த அரங்கைப் பார்த்தாள். பிறகு ஆர்லோவின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"சேர்ந்தே போடலாம்," என்றாள். "ஆனா அப்பாகிட்ட சொல்லி, இன்னும் கொஞ்சம் பெரிய பல்பா மாட்டச் சொல்லணும்."