ஏழாவது பறவை

காலை 10.10. வருடாந்தரச் சுத்தத்துக்காகப் படச்சட்டத்தைக் கழற்றிய அருங்காட்சியகப் பராமரிப்பாளர், உள்ளிருந்த தாளைத் தொட்டதுமே கையை இழுத்துக்கொண்டார். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஓவியர் ஒருவர் ஆற்றங்கரையில் உட்கார்ந்து பென்சிலால் வரைந்த இடிந்த கோபுரம் அது. தாளோ நேற்றுக் கடையில் வாங்கியது போல மொடமொடவென்றிருந்தது. படம் போலி.

10.40. இன்ஸ்பெக்டர் வந்தார். பேச்சு குறைவு, பிடிவாதம் அதிகம் உள்ள பெண்மணி.

“சட்டத்துப் பூட்டுக்கு எத்தனை சாவி?”

“ரெண்டு, மேடம். என்கிட்ட ஒண்ணு, இவங்ககிட்ட ஒண்ணு,” என்றார் காப்பாட்சியர், பராமரிப்பாளரைக் காட்டி. “ஆனா நான் ஒருநாளும் திறந்ததில்ல. பன்னிரண்டு வருஷமா கழட்டி மாட்டுறது இவங்கதான். ராஜினாமா எழுதிக் குடுத்துட்டுப் போயிடும்மான்னு நல்ல மாதிரியா சொன்னேன். கேக்கல.”

“எதுக்குக் கேக்கணும்?” பராமரிப்பாளரின் குரல் நடுங்கவில்லை. “திருடினவ தானே போலீசுக்கு போன் போடுவாளா?”

“அதுதான் கெட்டிக்காரத்தனம்.”

இன்ஸ்பெக்டர் இந்தச் சண்டைக்குள் தலையை விடவில்லை. பராமரிப்பாளரின் அலமாரியில், கண்ணாடியைக் கழற்றிவிட்டு வருடாவருடம் எடுத்த புகைப்படங்கள் இருந்தன. ஒன்றை எடுத்துப் போலிக்குப் பக்கத்தில் வைத்தார். கோபுரம் கல்லுக்குக் கல் பொருந்தியது. வானத்துப் பறவைகளை எண்ணினார். புகைப்படத்தில் ஆறு. போலியில் ஏழு.

சட்டத்தின் பழைய கண்ணாடியைத் தூக்கிப் போலியின்மேல் வைத்தார். கண்ணாடிக்குள் மிளகளவில் ஒரு காற்றுக்குமிழி இருந்தது. அது ஏழாவது பறவையின்மேல் கச்சிதமாக உட்கார்ந்தது.

11.25. “சார், இதை வரைஞ்சவன் கண்ணாடியோட சேர்த்து எடுத்த போட்டோவைப் பாத்து வரைஞ்சிருக்கான். குமிழியைப் பறவைன்னு நெனச்சுட்டான். இந்தம்மாவுக்கு ஆறு பறவையும் அத்துப்படி, கண்ணாடி இல்லாத போட்டோவும் கைவசம் இருக்கு. சாவி இருந்தும் படத்தைக் கண்ணாடிக்கு வெளியில இருந்தே பாத்துப் பழகின ஆள் ஒருத்தர்தான். அதை நீங்களேதான் சொன்னீங்க.”

ஐந்தே நிமிடத்தில் காப்பாட்சியரின் அறைப் பீரோவின் பின்னாலிருந்து ஓர் அட்டைக்குழாய் வெளியே வந்தது.

பராமரிப்பாளர் உள்ளிருந்த அசல் படத்தை மெல்ல விரித்தார். சுருட்டிய அவசரத்தில் கோபுரத்தின் குறுக்கே ஒரு மடிப்பு விழுந்திருந்தது. திருடி என்றபோது அழாதவர் அப்போதுதான் அழுதார்.

“சரி பண்ண முடியுமாம்மா?” என்று இன்ஸ்பெக்டர் தணிந்த குரலில் கேட்டார்.

“முடியும்.” கண்ணீர் தாளில் விழாதபடி முகத்தைத் திருப்பித் துடைத்துக்கொண்டார். “ஆறு மாசம் ஆகும். யாரும் அவசரப்படுத்தாதீங்க.”