பெண்கள் வெளியே வரக்கூடாத செவ்வாய்

ரொட்டிப் பையை மேசையில் வைப்பதற்குள் எலியேசர் தன் அம்மா ஒவிடியாவிடம் வாயை விட்டுவிட்டான்.

"ஏம்மா, நீ வெளியே போற நாளெல்லாம் சுகாதார நிலைய வாசல்லதான் நிக்கிறியாமே? கடைக்காரர் சொல்றார்!"

எட்டு மாதக் கர்ப்பிணியான அவன் மனைவி நெரெய்டா, காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"அந்த வாசல்லயா? மூக்குல குச்சி விட்டு சோதிக்கிற இடத்துலயா? என் பிள்ளையைக் கொல்லத்தான் போறீங்களா அத்தை?"

கதவோரம் தனியாக உட்கார்ந்திருந்த ஒவிடியா தலையைக் குனிந்துகொண்டாள். தொற்றுநோயால் கொலோன் துறைமுக நகரம் அடைபட்டு ஆறு வாரமாகிறது. திங்கள், புதன், வெள்ளியில் பெண்களும் செவ்வாய், வியாழனில் ஆண்களும் வெளியே போகலாம். அதுவும் இரண்டே மணி நேரம். அந்த நேரத்திலும் அரிசி, வாழைக்காய் வாங்கியது போக மிச்சத்தை எங்கே கழித்தாள் என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை.

"சொல்லுங்களேன்! ஒரு மாசமா எங்களோட உட்கார்ந்து சாப்பிடல. துணி துவைக்கிற கொட்டகையில படுக்கை, தனித் தட்டு... அவ்வளவு வெறுப்பா? போயிடுங்க! இந்த வீட்டை விட்டே போயிடுங்க!"

"போறேன்மா. இன்னைக்குப் பொம்பளை தெருவுல கால் வச்சா போலீஸ் பிடிச்சுக்கும். நாளைக்குக் காலையில போறேன்."

எலியேசருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "நெரெய்டா, பெரியவங்ககிட்ட..."

"நீ பேசாதே!" அவள் குரல் உடைந்தது. "நேத்து சாயங்காலத்துலேருந்து... பிள்ளை அசையவே இல்லை!"



"அடிப் பாவி!" ஒவிடியா எழுந்தாள். "இதையா இவ்வளவு நேரம் மறைச்சே? கிளம்புடி ஆஸ்பத்திரிக்கு!"

"மாட்டேன்! போன தடவை என் கண்ணு முன்னாலயே ஒரு கர்ப்பிணியைத் துணி மூடித் தூக்கிட்டுப் போனாங்க. செத்தாலும் இங்கேயே சாகறேன்!"

அப்போதுதான் தெருவில் சீழ்க்கைகள் பறந்தன. "ஏ பொம்பளை! இன்னைக்கு எங்க நாளு!" என்று மாடியிலிருந்து ஒருவன் கத்தினான். "அனுமதிச் சீட்டு இருக்குடா, வாயை மூடு!" என்று ஒரு பெண்குரல் திருப்பிக் கொடுத்தது. அடுத்த நொடி கதவு தட்டப்பட்டது.

முகக்கவசத்துக்கு மேல் கண்ணாடி. கையில் ஒரு பெட்டி.

"ஒவிடியா அம்மா வீடுதானே? நான் இட்செல், சுகாதார நிலைய நர்ஸ். அப்பப்பா, என்ன பிடிவாதம் உங்களுக்கு! 'என் மருமக பயந்து கிடக்கா, அவ வரமாட்டா, நீதான் வரணும்'னு ஒன்பது தடவை வந்து நின்னீங்க. இன்னைக்குத்தான் டாக்டர் கையெழுத்துப் போட்டார். எங்கே பொண்ணு?"

நெரெய்டா மாமியாரைப் பார்த்தாள். ஒவிடியாவோ நர்ஸுக்கு வழிவிட்டுக் கொல்லைப்பக்கம் ஒதுங்கி, சன்னலுக்கு வெளியே நின்றுகொண்டாள்.

இட்செல் பெட்டியிலிருந்து பிள்ளையின் இதயத்துடிப்பைக் கேட்கும் சின்னக் கருவியை எடுத்து நெரெய்டாவின் வயிற்றில் வைத்தாள். வெறும் இரைச்சல். நகர்த்தினாள். மறுபடியும் இரைச்சல். எலியேசர் கண்ணை மூடிக்கொண்டான். இடப்புறம் கீழே கொண்டுபோனாள்...

டுக் டுக் டுக் டுக்!

கார்னிவல் மேளம் போல அறையெங்கும் அதிர்ந்தது அந்தச் சத்தம்!

"கேக்குதா! கேக்குதா அத்தை!" என்று நெரெய்டா கத்தினாள். சன்னலுக்கு வெளியே ஒவிடியா கம்பியைப் பிடித்தபடி விம்மினாள்.

"சந்தோஷம் அப்புறம்," என்றாள் இட்செல், ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு. "அழுத்தம் ரொம்ப அதிகம். பிள்ளையும் சோர்ந்திருக்கு. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போயாகணும். முனையில வண்டி நிக்குது. துணைக்கு ஒருத்தர்தான், ஆணோ பொண்ணோ சீட்டு இருக்கு."

எலியேசர் சட்டையை எடுத்தான்.

"நீ இரு." நெரெய்டா வயிற்றைத் தாங்கியபடி எழுந்து கொல்லைக்கு நடந்தாள். "எனக்குப் பயமா இருக்கு அத்தை. கையை விடாம இருப்பீங்கன்னா வர்றேன்."

"கிட்ட வராதேடி... அந்த வாசல்ல எல்லாம் நின்னவ நான்... எதுவும் உனக்கு ஒட்டிக்கக் கூடாதுன்னுதானே கொட்டகையில படுத்தேன்..."

அவள் பேச்சை முடிக்க நெரெய்டா விடவில்லை. கட்டிக்கொண்டாள். இருவருக்கும் நடுவே, நேற்று மாலையிலிருந்து அசையாத பிள்ளை ஓங்கி ஓர் உதை விட்டது.

இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் "ஆ!" என்றார்கள்.