அம்மாவின் பக்கம்

நொய்க்கஞ்சி என்று அடிக்க வேண்டியதை ஆரிபா எப்போதோ ஒரு நாள் அவசரத்தில் நோய்க்கஞ்சி என்று அடித்துவிட்டிருந்தாள். அந்தப் பிழை இப்போது யாரோ ஒருத்தியின் இணையப் பக்கத்தில் இருந்தது.

மழை பிடித்துக்கொண்ட ஒரு நவம்பர் பிற்பகல். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து மாடியில், வைகுண்டராஜ் நடத்திய கம்ப்யூட்டர் சென்டரில் அன்று வேறு யாரும் வரவில்லை. ஆரிபா அங்கே வேலை பார்த்தாள். கல்யாணப் பத்திரிகை அடிப்பாள். மதுரைக்கு எஸ்.டி.டி. போட்டு இணையத்தைப் பிடித்து, தாய்மார்கள் சொல்லச் சொல்ல வளைகுடாவிலிருக்கும் மகன்களுக்கு மெயில் அனுப்புவாள். மிஞ்சிய நேரத்தில்தான் அம்மாவுக்கென்று ஒரு பக்கம் ஆரம்பித்தாள். அதற்கு இலவசமாக இடம் கொடுத்தது ஓர் அமெரிக்கக் கம்பெனி.

அம்மா ரஹ்மத் பீவிக்கு இரைப்பையில் புற்று. இன்று என்ன சாப்பிட்டாள், எது தங்கியது, எது வெளியே வந்தது, வலிக்கு நடுவில் என்ன பேசினாள், அவ்வளவைத்தான் ஆரிபா எழுதினாள். தனி எழுத்துருவை இறக்கி வைத்துக்கொண்டால்தான் அந்தப் பக்கத்தைப் படிக்கவே முடியும். இருந்தும் கனடாவிலிருந்தும் நார்வேயிலிருந்தும் முகம் தெரியாத தமிழர்கள் வந்து படித்தார்கள். கெஸ்ட்புக்கில் தங்கள் அம்மாக்களைப் பற்றி இரண்டு வரி எழுதிவிட்டுப் போனார்கள்.

'அம்மா அரை டம்ளர் கஞ்சி குடித்தாள். நாளைக்கு எழுதுகிறேன்.' அதுதான் ஆரிபா கடைசியாக எழுதியது. மறுநாள் அம்மா மவுத்தாகிவிட்டாள். அதை எழுத அவளுக்குக் கை வரவில்லை. ஆகஸ்டில் அடக்கம் முடிந்தது, நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவும் முடிந்தது, அப்போதும் வரவில்லை. பக்கம் அந்த அரை டம்ளர் கஞ்சியோடு நின்றது.

அன்று காலை ஒரு வாசகர் மெயில் அனுப்பியிருந்தார். புது இடத்துக்கு மாறிவிட்டீர்கள் போலிருக்கிறதே, அம்மா தேறி வருவதில் சந்தோஷம் என்று எழுதி, கீழே ஒரு முகவரி கொடுத்திருந்தார். ஆரிபா அதைத் திறந்தாள். பக்கம் மேலிருந்து ஒவ்வொரு வரியாக இறங்கியது. மல்லிகைப்பூக் கரை போட்ட தலைப்பு. 'எழுதுவது: நூர்னிசா.' அதன் கீழே அம்மாவின் வலி, அம்மாவின் வாந்தி, அம்மா தூக்கத்தில் அத்தாவைக் கூப்பிட்ட இரவு, எல்லாம் ஆரிபா எழுதியபடியே, நோய்க்கஞ்சி உட்பட. அரை டம்ளர் கஞ்சிக்கும் கீழே போனது பக்கம். அங்கே அம்மாவை அடக்கம் செய்த நாளின் தேதி போட்டு ஒரு வரி இருந்தது.

'இன்று அம்மா ஒரு இட்டிலி சாப்பிட்டாள்.'

அப்போது ஸ்பீக்கர் கரகரத்தது. பக்கத்தோடு ஏதோ பாட்டைச் சேர்த்திருப்பார்கள், அதுதான் மெதுவாக வந்து இறங்குகிறது என்று நினைத்தாள். பாட்டு வரவில்லை. ஒரு இருமல் வந்தது. தொண்டையில் தொடங்கி நெஞ்சுக்குள் இறங்கி, வாயை முந்தானையால் பொத்திக்கொண்டதுபோல மட்டுப்பட்டு, கடைசியில் ஒரு சின்ன முனகலோடு முடிகிற இருமல்.

முன்னறையிலிருந்து வைகுண்டராஜ் எட்டிப் பார்த்தார். "யாரும்மா இருமுதா? உள்ள ஆளிருக்கா?"

"கம்ப்யூட்டர்ல அண்ணாச்சி." ஆரிபா திரையைக் காட்டினாள். "என் எழுத்த ஒருத்தி அப்படியே எடுத்துப் போட்டிருக்கா. எங்கம்மாவப் பத்தி எழுதுனது."

அவர் வந்து குனிந்து பார்த்தார். "அதுக்கு என்ன செய்ய? எழுத்துக்கு என்ன பட்டாவா வாங்கி வச்சிருக்கோம்? விட்டுத் தள்ளு."

ஆரிபா விடவில்லை. இது என் அம்மா, என் எழுத்து, எடுத்துவிடுங்கள் என்று நூர்னிசாவுக்கு மெயில் அனுப்பினாள். அன்று சென்டரைப் பூட்டுவதற்குள் பதில் வந்துவிட்டது. ஒரே வரி.

'பாதியில் விட்டது நீங்கள்தானே.'

ராஜபாளையம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அந்த வரியையே நினைத்துக்கொண்டு வந்தாள். மேற்கே மலை தெரியவில்லை, மேகம் மூடியிருந்தது. வீட்டைத் திறந்ததும் என்னவோ குறைந்தது போலிருந்தது. முன்னறையில் அம்மாவின் கட்டில் அப்படியே இருந்தது, மெத்தையும் மடித்து வைத்த போர்வையும் இருந்தன. வாசனை இல்லை. டெட்டாலும் தைலமும் பழைய வியர்வையும் கலந்து, எத்தனை தடவை தரையைக் கழுவியும் போகாமல், அம்மா போன பிறகும் வாசலிலேயே வந்து அவள் கையைப் பிடித்துக்கொள்கிற அந்த வாசனை, சுத்தமாக இல்லை. யாரோ துடைத்து எடுத்துப் போனதுபோல.

நூர்னிசாவின் பக்கத்துக்கும் அதே அமெரிக்கக் கம்பெனிதான் இடம் கொடுத்திருந்தது; அடுத்த நாள் அவர்களுக்குப் புகார் எழுதினாள். அவர்கள் கேட்ட உறுதிமொழியை அகராதி வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் அடித்து அனுப்பினாள். பதிலுக்குக் காத்திருந்த நாட்களில் நூர்னிசாவின் பக்கம் நிற்கவில்லை. அம்மா இரண்டு தோசை சாப்பிட்டாள். அம்மா ஆட்டுக்கால் சூப்பு குடித்தாள். சூப்பைக் குடிக்குமுன் அம்மா உதட்டைச் சுழித்து ஆவியை ஊதும் விதம்கூட அதில் இருந்தது. ஆரிபா அதை எங்கேயும் எழுதியதில்லை. யாரிடமும் சொன்னதும் இல்லை.

கீழே வாசகர்கள் கூடிக்கொண்டே போனார்கள். ஆரிபாவின் பக்கத்தில் அழுதவர்கள் எல்லாம் இங்கே வந்து சிரித்தார்கள். மீன் குழம்பு வைத்துக் கொடுங்கள் என்றார் ஒருவர். உங்களைப் போல ஒரு மகள் வேண்டும் என்றார் நார்வேக்காரர். ஆரிபாவுக்கு அவரைத் தெரியும். தன் அம்மா இறந்தபோது ஊருக்கு வர முடியாமல் போனதை அவளிடம்தான் முதலில் சொல்லியிருந்தார்.

வீட்டில் பானையில் சோறு குறைந்தது. காலையில் வடித்து மூடிவிட்டுப் போகிற சோறு, சாயங்காலம் வந்து திறந்தால் பாதிதான் இருந்தது. எலி என்று நினைத்து மூடியின் மேல் அம்மிக்குழவியை வைத்துவிட்டுப் போனாள். திரும்பி வந்தபோது குழவி வைத்த இடத்திலேயே இருந்தது. பானை காலி.

பக்கத்து வீட்டுச் செல்லத்தாய் அம்மாவுக்கு நெருக்கம். அம்மாவின் கடைசி நாட்களில் ஆரிபா வேலைக்குப் போயிருந்த பொழுதெல்லாம் அவள்தான் பார்த்துக்கொண்டாள். அன்று துணி எடுக்க வந்தவள் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று ஆரிபாவையே பார்த்தாள்.

"ஏட்டி, வீட்ல யாரும் விருந்தாளி வந்திருக்காவளா?"

"இல்லக்கா. ஏன்?"

"இல்ல, மத்தியானம் ஒரே இருமலு. மதினி இருமுன மாதிரியே இருந்துச்சு." செல்லத்தாய் ஈரத்துணியைத் தோளில் போட்டுக்கொண்டாள். "எனக்குத்தான் காது சரியில்ல போல. ஆளு போயி எம்புட்டு நாளாச்சு."

அன்றிரவு ஆரிபா கட்டில் இருந்த அறையில் படுக்கவில்லை.

கம்பெனியின் பதில் வந்தது. நூர்னிசா எதிர்ப்புகார் கொடுத்திருந்தாள். ஆரிபா செப்டம்பரில் எழுத்துருவை மாற்றி எல்லாப் பக்கங்களையும் மறுபடி ஏற்றியிருந்ததால், அவளுடைய கோப்புகளின் தேதி பிந்தியிருந்தது. நூர்னிசாவின் தேதி முந்தியிருந்தது. ஆகவே நகல் எடுத்தது ஆரிபாதான். அவள் பக்கம் நீக்கப்பட்டது, இனி அந்தக் கம்பெனியில் அவள் பெயரில் இடம் கிடையாது. மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்கள். கடைசியில் நன்றி சொல்லியிருந்தார்கள்.

அவள் தன் முகவரியை அடித்துப் பார்த்தாள். வெள்ளைத் திரையில் ஓர் ஆங்கில வரி வந்தது. அம்மா பட்ட பாடு முழுவதும் அந்த ஒரு வரிக்குப் பின்னால் போய்விட்டது.

"நான்தான் அப்பவே சொன்னேனே," என்றார் வைகுண்டராஜ். "ஃபோன் பில்லு வேற ஏறிக் கெடக்கு. வேலையப் பாரு."

அவர் சாப்பிடப் போனதும் நூர்னிசாவின் பக்கத்தைத் திறந்தாள். புதிதாக எழுதியிருந்தாள்.

'அம்மா போதும் என்கிறாள். நான் விடுவதில்லை.'

அதற்குக் கீழே மறுநாள் தேதி.

'அம்மா அழுகிறாள். வாயை மூடிக்கொள்கிறாள். தாடையைப் பிடித்துத்தான் ஊட்ட வேண்டியிருக்கிறது. நல்லதுக்குத்தானே.'

விடாதீர்கள் என்று கீழே எழுதியிருந்தார்கள். ஆரம்பத்தில் அப்படித்தான் இருக்கும். இன்னும் கொடுங்கள். நாங்கள் எல்லோரும் உங்களோடு இருக்கிறோம்.

ஸ்பீக்கரில் இப்போது இருமல் இல்லை. தொண்டை அடைபட்டவர் மூச்சுக்குத் தவிக்கிற சத்தம். நின்று, இழுத்து, நின்று. பின்னால் பாத்திரத்தில் கரண்டி உரசுகிற சத்தம்.

ஆரிபா ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கினாள். ஆகஸ்டிலிருந்து எழுத முடியாததை எழுத உட்கார்ந்தாள். அடித்தாள். அம்மா ரஹ்மத் பீவி ஆகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்கு முன்னால் மவுத்தானாள். என் மடியில் தலை இருந்தது. ராஜபாளையம் மையவாடியில் அடக்கம் செய்தோம். இதற்கு மேல் எழுத ஒன்றும் இல்லை.

எழுதி முடித்தபோது அழுதாள். ஆனால் அதைப் போட அவளுக்கு இடம் இல்லை. வேறு வழியில்லாமல் நூர்னிசாவின் கெஸ்ட்புக்கிலேயே போட்டாள்.

வரி திரையில் வந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கீழே பதில்கள் முளைத்தன. யார் நீ? அடுத்தவர் அம்மாவைச் சாகச் சொல்கிறாயே, நீயெல்லாம் ஒரு பெண்ணா? திருடி. பொறாமை பிடித்தவள். நார்வேக்காரர் கெட்ட வார்த்தையில் எழுதியிருந்தார். அவள் பக்கத்தைப் புதுப்பித்தபோது அவள் எழுதியது மட்டும் இல்லை. அந்த வசவுகள் இருந்தன. மேலே புது வரி ஒன்று இருந்தது.

'இன்று பிரியாணி. அம்மாவுக்குப் பசி. வாசலில் யாரோ வருகிறார்கள்.'

ஆரிபா எழுந்தாள். பையை எடுக்கவில்லை, செருப்பை மாட்டியது நினைவில்லை. கையில் வீட்டுச் சாவியும் கொஞ்சம் சில்லறையும் இருந்தன. பஸ்ஸில் நின்றுகொண்டே போனாள். மழை ஜன்னல் ஷட்டர்களை அறைந்தது. மாலை நான்கு மணிகூட ஆகவில்லை, ஆனாலும் வெளியே பொழுது அடைந்ததுபோல் இருட்டிக் கிடந்தது. ராஜபாளையத்தில் இறங்கி முழங்கால் தண்ணீரில் ஓடினாள். தெருவில் கரண்ட் இல்லை.

செல்லத்தாய் தன் வீட்டு வாசலில் குடையோடு நின்றிருந்தாள். ஆரிபாவைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்தது.

"நீ எப்பட்டி வெளிய போன?"

"காலையிலே போனேன்க்கா. வேலைக்கு."

"இப்பத்தான ஒங்கிட்டப் பேசிட்டு வாரேன்." அவள் குரல் இறங்கிவிட்டது. "ஜன்னல்ல நின்னு பேசுன. நெய்ச்சோத்து வாசம் வருதே, என்ன விசேஷம்னு கேட்டேன். அம்மாவுக்குன்னு சொன்ன."

ஆரிபா நிற்கவில்லை. கதவில் அவள் பூட்டிய பூட்டு தொங்கியது. பூட்டியே இருந்தது. சாவியைத் திணித்தாள். திரும்பவில்லை. கை வழுக்கியது. மறுபடி. திரும்பவில்லை.

உள்ளே கரண்டி உரசியது.

நெய்யும் ஏலக்காயும் மணந்தது. அதன் அடியில் வேறொரு வாடை. ஈர மண். அதற்கும் அடியில் இன்னொன்று.

ஜன்னல் ஒருக்களித்துத் திறந்திருந்தது. கம்பியைப் பிடித்து எட்டிப் பார்த்தாள். முதலில் இருட்டு மட்டும். பிறகு கட்டிலின் விளிம்பு. கட்டிலில் சுவரோடு சாய்த்து உட்காரவைத்திருந்த வெள்ளை.

அடக்கத்தன்று சுற்றிய கஃபன் துணி. மண் கறை. தலைமாட்டு முடிச்சை அவிழ்த்துத் தோளில் தள்ளியிருந்தார்கள். தாடையைக் கட்டியிருந்த துணி கழுத்துக்கு இறங்கியிருந்தது. மூக்கில் பஞ்சு அப்படியே இருந்தது. வயிறு, சாகும்போது முதுகோடு ஒட்டியிருந்த வயிறு, துணியைக் கிழிக்கிற அளவுக்கு உப்பியிருந்தது. மடியெல்லாம் சோறு. கட்டிலெல்லாம் சோறு. காலையில் அவள் பெருக்கிவிட்டுப் போன தரையில் நாள்பட்ட சோறு, கறுத்து, நெளிந்து.

எதிரே முதுகைக் காட்டிக்கொண்டு ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். ஆரிபாவின் பின்னல். ஆரிபாவின் தோள். இடது கையால் தாடையை நெம்பிப் பிடித்திருந்தாள். வலது கையில் கவளம்.

"அம்மா மவுத்தாயிட்டாக," என்றாள் ஆரிபா. முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னாள். "விட்டுரு. மவுத்தாயிட்டாக."

உள்ளே இருந்தவள் திரும்பவில்லை. உருட்டிய கவளத்தை வாய்க்குள் வைத்து, இரண்டு விரலால் உள்ளே தள்ளினாள். தொண்டை அசைந்தது. கொஞ்சம் உள்ளே போனது. கொஞ்சம் வெளியே வழிந்தது.

அந்தத் தோளுக்கு மேலாக அம்மாவின் கண்கள் ஜன்னலைப் பார்த்தன. ஆரிபா தன் விரலாலேயே மூடிவிட்ட கண்கள். திறந்திருந்தன. அவளை அடையாளம் கண்டுகொண்டன. நீர் இறங்கியது.

கை மறுபடி தட்டுக்குப் போனது.