இரட்டை வளையம்

சனிக்கிழமை, பகல் 11.40. டெஸ்மண்ட் ஃபேர்லியின் பச்சை நிற லாங்டன் கார், மலைச்சாலைப் பந்தயத்தின் மூன்றாவது வளைவில் ஓக் மரத்தில் மோதி நின்றது. மனிதருக்கும் காருக்கும் ஒரே வயது. இரண்டும் ஒரே நொடியில் முடிந்தன. மரத்துக்கு எண்பது அடி முன்னாலிருந்தே சாலையில் பளபளவென்று ஆயில் கோடு.

1.10. சார்ஜென்ட் கெயில் டிரான்டர் வந்து சேர்ந்தாள். உடலை எடுத்துப் போயிருந்தார்கள். சாண்ட்விச் வந்திருந்தது.

நொறுங்கிய காரைப் பழைய கார் கிளப்பின் கொட்டகைக்கு இழுத்து வந்து போட்டிருந்தார்கள். அதைச் சுற்றி கோடு போட்ட டை கட்டிய ஆறு ஆண்கள். ஒருவர் ஹாம் சாண்ட்விச்சை மென்றுகொண்டே காருக்குள் எட்டிப் பார்த்தார். மிதியடியில் இன்னும் ரத்தம் காயவில்லை.

வெள்ளைத் துணி விரித்த மேசையில் ஆயில் ஃபில்டர், அதைப் பொருத்தும் இணைப்புத் தட்டு, இரண்டு ரப்பர் வளையங்கள்.

"யாரு கழட்டினது?"

"நான்தான்." கிளப் தலைவர் ஜைல்ஸ் ஹெர்பர்ட்சன். "உங்களுக்காகக் காத்திருக்க முடியுமா கண்ணு? கேஸ் முடிஞ்சுது. செஞ்சவ அதோ உக்காந்திருக்கா."

"கண்ணுன்னு கூப்பிட உங்க வீட்ல ஆளு இருக்கும். நான் சார்ஜென்ட்."

டயர் அடுக்கின் மேல் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். ப்ரான்வென் பெவன், இருபத்தேழு வயது மெக்கானிக். ஆறு மைல் தள்ளி சொந்தமாகச் சின்ன கராஜ். மடியில் ஒரு தாள். 'பழைய வளையத்தை அகற்றாதது என் கவனக்குறைவு' என்று கிளப்பே டைப் அடித்துக் கொடுத்திருந்தது. கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தார்கள். போட்டால் கராஜும் போகும், ஆளைக் கொன்ற வழக்கும் வரும்.

"இதுல கையெழுத்து போட்டியா?"

"பேனா குடுத்தாங்க. தூக்கி எறிஞ்சேன்."

"நல்ல வேல செஞ்ச. என்ன மாத்தின, சொல்லு."

"பழைய ஃபில்டர் ஒரு தகரக் கிண்ணம் மேடம். கழட்டினா அக்குள் வரைக்கும் ஆயில் ஒழுகும். உள்ள எஞ்சின்ல ஒரு பள்ளம். அதுல ரப்பர் வளையம் ஒட்டிக்கிட்டு வராது. அதனாலதான் இந்தத் தட்டை மாட்டுறது. ஒரு தடவ மாட்டிட்டா அப்புறம் ஜாம் பாட்டில் மூடி மாதிரி புது ஃபில்டரைத் திருகிட்டே போலாம். தட்டோட வந்த ஒரே புது வளையத்தைப் போட்டு புதன்கிழமை மாட்டினேன். இருபது நிமிஷம் ஓட்டிப் பார்த்தேன். ஒரு சொட்டு இல்ல."

"பழைய வளையம்?"

"பப்புல எறியற டார்ட் ஊசியால நோண்டி எடுத்தேன். ஏழு துண்டா வந்துது. பிஸ்கட் மாதிரி பொடிஞ்சுது. பதினோரு வருஷமா வெந்த ரப்பர்."

"அந்தத் துண்டுங்க எங்க?"

"வியாழக்கிழமை குப்பை லாரி வந்துட்டுது. டெஸ்மண்ட் வெள்ளிக்கிழமை நாப்பது மைல் ஓட்டிட்டு இங்க வந்தாரு மேடம். ஒண்ணும் ஆகல."

"ரெண்டு வளையம் ஒண்ணு மேல ஒண்ணு இருந்தா அப்படித்தான்," என்றது மேசைப் பக்கமிருந்து ஒரு மெல்லிய குரல். "கொஞ்ச நேரம் தாங்கும். மேட்டுல முழு வேகத்துல முடுக்கினா பிதுங்கிரும். கத்துக்குட்டிங்க பண்ற தப்பு."

செசில் லிடன். கிளப்பின் அசல்தன்மை நடுவர். போட்டி நாளன்று விடியற்காலை ஆறிலிருந்து எட்டு வரை கொட்டகையில் கார்களோடு தனியாக இருப்பார். வெள்ளைக் கையுறை, டார்ச் லைட், மார்க் அட்டை. அசல் அல்லாத ஆணி ஒன்றிருந்தால் ஒரு மார்க் வெட்டு. அந்த நேரத்தில் வேறு யாரும் உள்ளே போகக்கூடாது என்பது கிளப் வழக்கம். சாவி மட்டும் ஜைல்ஸிடமும் ஒன்று உண்டு.

"டெஸ்மண்டுக்கு எத்தனை மார்க் வெட்டினீங்க?"

"அஞ்சு." லிடன் உதட்டைச் சுழித்தார். "ஒன்பது வருஷமா அவருக்குத்தான் கோப்பை. இந்த வருஷம் ஜைல்ஸுக்குப் போயிருக்கும்."

ஜைல்ஸ் சாண்ட்விச்சைக் கீழே வைத்தார். "என்ன செசில், என்னைக் கோத்து விடற?"

"உண்மையைத்தானே சொன்னேன்."

"சார்ஜென்ட், எனக்கு அந்தக் கோப்பை வேணும்தான். ஆனா நேத்து சாப்பாட்டுல டெஸ்மண்ட் எழுந்து நின்னு, எல்லாரும் இந்தத் தட்டுக்கு மாத்துங்கப்பான்னு சொன்னப்ப, முதல்ல கை தூக்கினவன் நான். பதினோரு பேர் இந்தப் பொண்ணுகிட்ட பேர் குடுத்தோம்."

பதினோரு பேர் பேர் கொடுத்துவிட்டு, மறுநாளே அவளைத் தூக்கில் போடக் கயிறு திரித்தவர்கள். கெயில் அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். யாரும் நிமிரவில்லை.

"மிஸ்டர் லிடன், அசல் ஃபில்டர் எப்படி இருக்கும்? எனக்குப் புரியற மாதிரி காட்டுங்க."

கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது. பாடம் எடுக்க ஆள் கிடைத்தால் போதும் அந்த மனிதருக்கு. லாங்டன் கார்களின் அசல் உறுப்புகளைப் பற்றி நானூறு பக்கம் எழுதியவர். தன் கருவிப் பெட்டியில் மேலாக இருந்த அட்டைப்பெட்டியை எடுத்துப் பிரித்தார்.

"பாருங்க. கம்பெனி பிளாஸ்டிக் உறை கூடப் பிரியல. இதோட மூணு ரப்பர் வளையம் போட்டுத் தருவாங்க. பெருசு நம்ம காருக்கு. சின்னது வேற கார்களுக்கு, அதைத் தூக்கிப் போட்டுரலாம்."

பெட்டியைக் கவிழ்த்தார். சின்ன வளையங்கள் இரண்டு உள்ளங்கையில் விழுந்தன. அவர் பேச்சை நிறுத்தாமல் உறையின் முத்திரையைக் காட்டினார்.

2.50. கெயில் மேசைக்குத் திரும்பினாள்.

"மிஸ்டர் ஹெர்பர்ட்சன், பள்ளத்துல அடியில கிடந்தது எது?"

"இது. பழசு."

"எதால எடுத்தீங்க?"

"நகத்தாலதான். முழுசா வந்துது."

கெயில் அதை விரலில் சுற்றினாள். வெந்த சேமியா மாதிரி வளைந்தது. விட்டாள். மறுபடி வட்டமானது.

"பதினோரு வருஷம் கொதிக்கிற ஆயில்ல வெந்த ரப்பர் நகத்துல முழுசா வருமா? ஆறு பேர் சுத்தி நின்னீங்களே. காரைப் பத்தி வாய் கிழியப் பேசறவங்க. ஒருத்தனுக்குமா தோணல? பொண்ணு தப்பு பண்ணிட்டான்னு நம்பறதுல அவ்வளவு சுகம்!"

அவள் வளையத்தை உயர்த்திப் பிடித்தாள்.

"இது பழசு இல்ல. புதுசு. தட்டோட வந்த வளையம் ஒண்ணுதான், அது மேல இருந்தது. அப்ப அடியில இருந்தது எங்கேருந்து வந்துது? லிடன், உங்க பெட்டியில ஃபில்டர் உறை பிரிக்கல. ஆனா மூணு வளையம் இருக்க வேண்டிய இடத்துல ரெண்டு சின்னதுதான் இருக்கு. ஃபில்டரை மாட்டாமலே பெரிய வளையம் எங்க போச்சு?"

லிடன் அட்டைப்பெட்டியை மூடினார். மூடிய பெட்டியையே பார்த்தார்.

"விடியற்காலைல தனியா இருந்தீங்க. தட்டைக் கழட்டி உங்க வளையத்தை அடியில வெச்சு மறுபடி மாட்டினீங்க."

"ஒரு கறை," என்றார் லிடன். "புல்லுல ஒரு கறை விழும்னு நெனச்சேன். கண்காட்சியில எஞ்சினைச் சும்மா ஓட விடுவான். ஒழுகும். எல்லாரும் சிரிப்பாங்க. பதினோரு பேரும் பேரை வாபஸ் வாங்குவாங்க. என் நாப்பது வருஷ வேலையை ஜாம் பாட்டில் மூடியாக்கிட்டாங்க சார்ஜென்ட்! அவன் மேட்டுல ஏறுவான்னு எனக்கு எப்படித் தெரியும்? பந்தயத்துக்குப் பேரே குடுக்கல. பதினோரு மணிக்குத்தான் திடீர்னு கேட்டான்."

"பதினொண்ணுலேருந்து பதினொண்ணு நாப்பது வரைக்கும் நீங்க எங்க இருந்தீங்க?"

ஜைல்ஸ்தான் சொன்னார். "ஸ்டார்ட் கோட்டுல. கார் பின்னால உருளாம சக்கரத்துக்கு அடியில கட்டை வெக்கிற வேலை செசிலோடது. டெஸ்மண்டுக்கும் அவர்தான் வெச்சாரு."

கைக்கெட்டும் தூரம். ஒரு வார்த்தை போதும், 'இறங்கு' என்று. தன் குட்டு வெளிப்பட்டுவிடுமே என்று குனிந்து கட்டையை வைத்துவிட்டு ஒதுங்கி நின்றிருக்கிறார். கெயிலுக்கு அவரைத் தொடவே அருவருப்பாக இருந்தது. கூட வந்த கான்ஸ்டபிளை விலங்கு மாட்டச் சொன்னாள்.

3.20. ஜைல்ஸ் மெதுவாகப் பக்கத்தில் வந்தார். "சார்ஜென்ட், விபத்துன்னு... செசில் பெரிய படிப்பாளி. கிளப் பேரு..."

"இன்னொரு வார்த்தை பேசுனீங்க, நீங்களும் வண்டில ஏறுவீங்க."

ப்ரான்வென் எழுந்தாள். தாளை நான்காகக் கிழித்தாள்.

"மேடம், மிஸஸ் ஃபேர்லிகிட்ட என்னாலதான் செத்தாருன்னு பன்னெண்டரைக்கே ஜைல்ஸ் ஃபோன்ல சொல்லிட்டாரு. யாரு மாத்திச் சொல்றது?"

"நான் போறேன்."

"வேணாம். சொன்ன வாயே சொல்லட்டும்."

கெயில் ஜைல்ஸைப் பார்த்தாள். "கேட்டுதா?"

"இப்பவா? அந்தம்மா இருக்கிற நிலைமைல..."

"பன்னெண்டரை மணிக்கு அதே நிலைமைலதான் இருந்தாங்க. அப்ப வாய் வந்துதுல்ல? ஸ்பீக்கர்ல போடுங்க. இந்தப் பொண்ணு கேக்கணும். மத்தவங்களும் கிட்ட வாங்க, ஒருத்தனும் நழுவக் கூடாது."

ஜைல்ஸ் ஃபோனை எடுத்தார். விரல் இரண்டு முறை தப்பான எண்ணில் விழுந்தது. மூன்றாம் முறை மணி அடித்தது. நாலு தடவை. அஞ்சு தடவை.

"ஹலோ?" என்றது அழுது கரகரத்த ஒரு குரல்.

ஜைல்ஸ் ஹெர்பர்ட்சன் வாயைத் திறந்தார்.