தண்ணீர் போன மூலை

குளியலறைத் தரையில் ஊற்றிய முதல் வாளித் தண்ணீர் மடைப்பக்கம் போகவில்லை. எதிர்ப்பக்கம் போனது.

மடை இருந்தது மேற்குச் சுவரின் அடியில். கொத்தனார் சடையப்பன் அந்தப் பக்கமாகத்தான் வாட்டம் கொடுத்து, சிமெண்டைத் தேய்த்து, கண்ணாடி மாதிரி வழவழவென்று முடித்திருந்தார். தண்ணீர் என்றால் பள்ளத்துக்குத்தானே ஓடவேண்டும்? அது நடுத்தரையில் கொஞ்சம் தேங்கி நின்றது. பிறகு மெல்லத் திரும்பி, மேடாக இருந்த கிழக்கு மூலைக்கு ஏறிப் போய், சுவரும் தரையும் சேரும் இடத்தில் சத்தமில்லாமல் மறைந்துபோனது. ஒரு வேலையாவது ஒழிந்தது என்று பெருமூச்சு விடத்தான் மெகருன்னிசா கொல்லைப்பக்கம் வந்திருந்தாள். வந்த மூச்சு பாதியில் நின்றது.

"இன்னொரு வாளி ஊத்துங்க கொத்தனாரே."

ஊற்றினார். அதுவும் அங்கேயே போனது.

சடையப்பன் குமராட்சிக்காரர். லால்பேட்டையில் பாதி வீடுகளில் அவர் கரண்டி பட்டிருக்கிறது. ரசமட்டத்தை எடுத்துத் தரையில் வைத்துக் குனிந்து பார்த்தார். குமிழி கிழக்குப் பக்கம் ஒதுங்கி நின்றது. கிழக்குதான் மேடு, சந்தேகமே இல்லை.

"வாட்டம் சரியாத்தாம்மா இருக்கு. இது என்னா கூத்துன்னு தெரியலியே."

"மூலையில வெடிப்பு கிடிப்பு இருக்குமோ?"

"முந்தாநேத்து பூசுன தரைல இன்னிக்கு ஏதும்மா வெடிப்பு?"

ஆனாலும் மனுஷர் மூலையைக் கொத்தி எடுத்து மறுபடி பூசினார். அது காய்ந்ததும் ஒரு வாளி ஊற்றினார். தண்ணீர் மூலைக்கே போனது. தலையைச் சொறிந்துகொண்டு, "எங்கியோ போவுது, தேங்கல இல்ல? உடுங்கம்மா. காட்டுமன்னார்கோயில்ல ஒரு வூடு பாதியில நிக்குது" என்று சாமான்களைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. ஒரு மூலைக்காக எத்தனை நாள் மல்லுக்கட்டுவது?

அறுபத்து மூன்றாம் வருஷத்துக் கத்திரி அது. வீராணம் ஏரிக்குள் மாடு மேய்ந்தது. கிணற்றில் கயிறு போதாமல் இன்னொரு கயிற்றை முடிச்சுப் போட்டு இறைத்தார்கள். இந்த லட்சணத்தில் வீட்டில் கல்யாணம். மகள் ஆரிபாவுக்குக் கடலூரில் மாப்பிள்ளை. பெண் பார்க்க வந்த சம்பந்தியம்மாள், குழாயைத் திருப்பினால் தண்ணீர் கொட்டும் வீட்டில் இருப்பவள், கிணற்றடியில் இருந்த இடுக்கமான அறையில் கை கால் கழுவிவிட்டு முகத்தைச் சுளித்தாளாம். செய்தி பினாங்குக்குப் போனது. கணவர் முஹம்மது இஸ்மாயில் அங்கிருந்து எழுதிவிட்டார்: குளிக்கிற அறையை இடித்துப் பெரிதாகக் கட்டு. எழுதுவது சுலபம். சிமெண்டு குதிரைக்கொம்பாக இருந்த காலம். கொழுந்தன் அபுல் ஹசன் சிதம்பரத்துக்கு நடையாய் நடந்து வாங்கி வந்தான். அறையைக் கிழக்கே நாலு முழம் நீட்டினார்கள். நீட்ட வேறு திசை இல்லை.

கொத்தனார் போன பிறகு மெகருன்னிசா கிழக்குச் சுவருக்கு வெளியே போய்ப் பார்த்தாள். அத்தனை தண்ணீர் குடித்த மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. குனிந்து தொட்டாள். சுட்டது. அப்போதுதான் அவளுக்கு இடம் பிடிபட்டது.

அவளுடைய மாமியார் சைதுன் பீவி மௌத்தானபோது குளிப்பாட்டியது, இப்போது அறையை நீட்டிக் கட்டியிருக்கும் இந்த இடத்தில்தான். அவருக்கு முந்தி இந்த வீட்டில் கண்ணை மூடிய பெண்கள் எல்லாரையும் குளிப்பாட்டியதும் இங்கேதான். நாலு பக்கமும் துணி கட்டி, பலகை போட்டு, இலந்தை இலையும் கற்பூரமும் கலந்து மய்யித்தின் மேல் ஊற்றிய தண்ணீர் யார் காலிலும் மிதிபடாமல் போய்ச் சேர ஒரு குழி வெட்டுவார்கள். காரியம் முடிந்ததும் மூடிவிடுவார்கள். மூடினால் மண்ணோடு மண். யாரும் அடையாளம் வைப்பதில்லை.

அபுல் ஹசனிடம் சொன்னாள். பந்தல்காரனோடு பேசிக்கொண்டிருந்தவன் சிரித்தே விட்டான். அண்ணன் மனைவியை அங்கே மச்சி என்றுதான் கூப்பிடுவார்கள்.

"மச்சி, ஒங்களுக்கு வெயிலு தலைக்கேறிடுச்சி. மூடுன குழி ஆளக் கடிக்குமா? இதெல்லாம் நம்ம பேசுற பேச்சா? பள்ளிவாசல் ஹஸ்ரத்து காதுல உளுந்தா திட்டுவாரு."

அவன் சொன்னது நியாயம்தான். மார்க்கம் தெரிந்த யாரும் அப்படித்தான் சொல்வார்கள். இறந்தவர்கள் இருப்பவர்களை ஒன்றும் செய்வதில்லை. அவளுக்கும் அது தெரியும். அதனாலேயே இதைச் சொல்லி அழ அவளுக்கு ஆள் இல்லாமல் போயிற்று.

ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்ததும் வீடு திமிலோகப்பட்டது. முற்றம் முழுக்க வற்றல் காய்ந்தது, தையல்காரர் கூடத்திலேயே மிஷினைப் போட்டுவிட்டார், மாவு இடிக்கும் பெண்கள் விடியலில் வந்து பொழுது உச்சிக்கு வருமுன் போனார்கள். ஒரு நாள் லுஹர் தொழுகைக்குப் பிறகு, உண்ட களைப்பில் அத்தனை பேரும் ஆளுக்கொரு மூலையில் சுருண்டு கிடக்க, ஓட்டின் மேல் வெயில் படபடவென்று வெடிக்க, கொல்லை வாசலில் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த மெகருன்னிசாவின் காதில் அந்தச் சத்தம் விழுந்தது. செம்பில் மொண்டு ஊற்றும் சத்தம். பிறகு ஒன்றுமில்லை. பிறகு மறுபடி மொண்டு ஊற்றும் சத்தம்.

யாரோ குளிக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தாள். ஆனால் குளிக்கிறவர்கள் தொண்டையைச் செருமுவார்கள், கொப்புளிப்பார்கள், முதுகைத் தேய்த்துக்கொண்டு ஏதாவது முணுமுணுப்பார்கள். தானாக ஊற்றிக்கொள்ளும் தண்ணீர் தோளில் அடித்துச் சிதறி விழும். இது சிதறவில்லை. நிதானமாக, நீளமாக, ஓர் உடம்பின் இந்த நுனியிலிருந்து அந்த நுனி வரைக்கும் வழிந்தது. அசையாமல் படுத்திருக்கும் ஒருவர் மேல் இன்னொருவர் ஊற்றும் சத்தம். அவள் அதைக் கேட்டிருக்கிறாள். ஊற்றியும் இருக்கிறாள்.

முறத்தை வைத்துவிட்டு எழுந்து போனாள். கதவு ஒருக்களித்திருந்தது. தள்ளினாள்.

யாருமில்லை. வாளி கவிழ்த்து வைத்தபடியே இருந்தது. தரை முழுக்க ஈரம். நடுவில் மட்டும் ஈரமில்லை. ஒடுக்கமாக, ஓர் ஆள் நீளத்துக்கு, தெற்கு வடக்காக, காய்ந்த தரை. சுற்றியிருந்த தண்ணீர் கிழக்கு மூலையைப் பார்த்து ஊர்ந்துகொண்டிருந்தது. இலந்தை இலை வாசம். அதற்கடியில் லேசாகக் கற்பூரம்.

ஓடி வந்து அபுல் ஹசனை எழுப்பிக் கூட்டிப்போய்க் காட்டுவதற்குள் தரை காய்ந்துவிட்டது. கத்திரி வெயில் அல்லவா, காயாமல் என்ன செய்யும்? அவன் கொட்டாவி விட்டுக்கொண்டே போய்ப் படுத்தான்.

அன்றிலிருந்து அவள் காது கொல்லைப்புறத்திலேயே கிடந்தது. மற்றவர்கள் குளிக்கும்போது தண்ணீர் ஒழுங்காக மடைக்குப் போனது. அவள் போய் நின்று பார்த்தாள். நாத்தனார் ஜெய்னம்பு குளித்தாள், அவள் பிள்ளைகள் குளித்தார்கள், ஒன்றுமில்லை. ஆரிபா குளித்தால் மட்டும் மூலைக்குப் போனது.

ஆரிபாவுக்கு அந்த அறை பிடித்துப்போய்விட்டது. காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை என்று போக ஆரம்பித்தாள். கதவைத் தட்டினால் ரொம்ப நேரம் கழித்துப் பதில் வரும். வெளியே வந்தால் உடம்பு அந்த வெயிலிலும் பானைத் தண்ணீர் மாதிரி ஜில்லென்று இருக்கும். ஒரு நாள் மத்தியானம் மகள் முக்காட்டை எடுத்துவிட்டுத் தலையை உலர்த்தத் திரும்பியபோது மெகருன்னிசா அதைப் பார்த்தாள். ஈரத் தலைமுடி மூன்று பின்னலாகப் பின்னி முதுகில் விடப்பட்டிருந்தது.

உயிரோடு இருக்கிற பெண்கள் யாரும் அப்படிப் பின்னிக்கொள்வதில்லை. சைதுன் பீவியின் தலையை அப்படிப் பின்னி, முதுகுக்கடியில் விட்டது மெகருன்னிசாவின் இதே கைகள்.

"யாருடி பின்னிவுட்டது?"

ஆரிபா கையைப் பின்னால் கொண்டுபோய்த் தடவிப் பார்த்தாள். அவளுக்கே அது புதிதாகத்தான் இருந்தது.

"தெரியலம்மா. நாந்தான் பின்னிருப்பேன்."

"உள்ள என்னா செய்யுற அவ்ளோ நேரம்?"

"ஒண்ணும் செய்யுறதில்லம்மா. படுத்துக்குவேன். கண்ண மூடிக்கிட்டா போதும், சொகமா இருக்கு. தலையப் புடிச்சிக்கிறாங்க."

"யாரு?"

ஆரிபா சிரித்தாள். கல்யாணப் பெண்ணின் வெட்கம் கலந்த சிரிப்பு. பயந்திருந்தாலாவது இழுத்துப் பிடித்துக் காப்பாற்றலாம். விரும்பிப் போகிறவளை என்ன செய்வது?

அன்றே குளியலறைக்குப் பூட்டுப் போட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். அந்தப் பூட்டு ஒரு பொழுது தாங்கவில்லை. "கடலூர்க்காரவுங்க நாளைக்கு வந்து எறங்குறாங்க மச்சி. அவங்களுக்காவத்தான கட்டுனோம்? மானத்த வாங்காதீங்க" என்று அபுல் ஹசன் கையை நீட்டினான். சுற்றிலும் சொந்தக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொடுத்துவிட்டாள். அன்று சாயங்காலமே இஸ்மாயில் நாகப்பட்டினத்தில் கப்பலிறங்கி வந்து சேர்ந்தார். ஆட்கள் சூழ நின்றவரை ஒதுக்கிக் கூப்பிட்டு, கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் பொறுமையாகத்தான் கேட்டார்.

"ஒனக்கு வேல ஜாஸ்தியாப் போச்சும்மா. கல்யாணம் முடியட்டும். கொஞ்சம் தூங்கு."

அதற்குமேல் அந்த ஊரில் அவள் போய்ச் சொல்ல வேறு யார் இருந்தார்கள்?

மறுநாள் வந்திறங்கிய சம்பந்தியம்மாள் குளித்துவிட்டு வந்து, எங்கள் ஊரில்கூட இப்படி இல்லை என்று மெச்சினாள். கேட்டவர்களுக்கெல்லாம் பெருமை பிடிபடவில்லை.

நிக்காஹ் நாள் காலை. வெயில் ஏறிவிட்டது. பந்தலில் சாமான்கள் உருளும் சத்தம், பிரியாணி அடுப்புப் புகை, பெண்களின் பேச்சு. ஜெய்னம்பு ஒரு தட்டில் சீயக்காய், வாசனை சோப்பு, அத்தர் குப்பி, காதில் அத்தர் வைக்கப் பஞ்சு எல்லாம் எடுத்துவந்து, "பொண்ணுக்குத் தலைக்கு ஊத்தணும், வாங்க" என்றாள்.

"கெணத்தடியில ஊத்துவோம்" என்றாள் மெகருன்னிசா.

"என்னா மச்சி இது! புது ரூமு இருக்க, கல்யாணப் பொண்ணு கெணத்தடியிலயா? ஆம்பளைங்க போற வர்ற எடம்."

பத்துப் பெண்கள் அதையே சொன்னார்கள். ஆரிபா அதற்குள் எழுந்து குளியலறை வாசலில் போய் நின்றுவிட்டாள்.

"அப்ப நானே ஊத்துறேன். நான் மட்டும்" என்று தட்டை வாங்கிக்கொண்டாள் மெகருன்னிசா. மகளைத் தனியே விடாமல் இருக்க அவளுக்குத் தெரிந்த ஒரே வழி அது. நாலு செம்பு ஊற்றி, கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்துவிட வேண்டும். அவ்வளவுதான். தாய் பக்கத்தில் இருக்கும்போது என்ன ஆகிவிடும்?

வெளியே யாரோ கதவைச் சாத்தினார்கள். உள்ளே பேச்சுச் சத்தம் அடங்கிப்போனது. சிமெண்டின் குளிர் உள்ளங்காலில் ஏறியது.

"ஒக்காரு, ஆரிபா."

ஆரிபா உட்காரவில்லை. பாவாடையை மார்புக்கு மேல் ஏற்றிக் கட்டியபடி, தரையின் நடுவில், வடக்கே தலை வைத்து, நீட்டிப் படுத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

"எந்திரிடி." கையைப் பிடித்து இழுத்தாள். கனத்தது. "எந்திரிம்மா. அம்மா சொல்றேன்ல்ல."

செம்பை மொண்டாள். முகத்தில் அடித்தால் எழுந்துவிடுவாள். அடிக்கத்தான் ஓங்கினாள். கை ஓங்கியபடி நின்றது. தாழ்ந்தது. வலது தோளில் ஆரம்பித்து, நிதானமாக, கால் வரைக்கும் ஊற்றியது.

அவள் ஊற்றவில்லை. கைதான் ஊற்றியது.

செம்பைப் போட்டுவிடப் பார்த்தாள். விரல் பிரியவில்லை. மறுபடி மொண்டது. வலது பக்கம். பிறகு இடது பக்கம். இன்னொரு கை மகளின் தலைக்கடியில் போய், வலிக்காமல், பூவைத் தூக்குவது போலத் தூக்கிப் பிடித்தது. மெகருன்னிசா கத்தினாள். கத்தியது நெஞ்சுக்குள்ளேயே நின்றது. வாய் வேறு எதையோ மெதுவாக ஓதிக்கொண்டிருந்தது.

கதவு தட்டப்பட்டது. "மச்சி, ஆச்சா? நிக்காஹ் வக்கீலும் சாட்சியும் பொண்ணுகிட்ட சம்மதம் கேக்க வந்துட்டாங்க."

"இன்னும் கொஞ்சம்" என்றது அவள் வாய். அமைதியாக. அவள் குரலிலேயே.

வெளியே சிரித்தார்கள். யாரோ பாட்டு ஆரம்பித்தார்கள்.

கை செம்பை வைத்தது. துணியால் முகத்தை ஒற்றியது. மகளின் தாடையை மெல்ல உயர்த்தி, திறந்திருந்த உதடுகளைச் சேர்த்து மூடியது. ஆரிபாவின் மார்பு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. உயிர் இருக்கிறது. உயிர் இருக்கிறது, யா அல்லாஹ், என் பிள்ளைக்கு உயிர் இருக்கிறது. கை அதைக் கேட்கவில்லை. அது தட்டுக்குப் போனது. பஞ்சை எடுத்தது. இரண்டாகப் பிய்த்து, விரல் நுனியில் வைத்து உருட்டியது.

ஒரு பக்க மூக்கில் அடைத்தது. மறுபக்கம் கொண்டுபோனது.

ஆரிபா கண்ணைத் திறந்தாள். சுகமெல்லாம் போய்விட்ட கண். அந்தக் கண் அம்மாவைத்தான் பார்த்தது. வேறு யாரையும் இல்லை. மூக்கருகே பஞ்சு மூச்சில் ஆடியது. உள்ளே ஒட்டியது, வெளியே ஆடியது, மறுபடி ஒட்டியது. மெகருன்னிசாவின் விரல் அதைப் பதமாக உள்ளே அழுத்தியது. இன்னொரு கை மூடிய வாயின் மேல் மெல்ல வந்து படிந்தது.