புழுக் கொட்டகையில் கேட்ட குரல்

யுவராணியின் வீட்டில் யாரும் சத்தமாகப் பேச மாட்டார்கள். இண்டூரில் அவர்கள் பட்டுப்புழு வளர்க்கிறார்கள். சத்தம் கேட்டால் புழுக்கள் மிரண்டுபோய் மல்பெரித் தழையைத் தின்னாமல் விட்டுவிடும் என்பது அம்மாவின் பயம். கொட்டகையோ வீட்டை ஒட்டியே இருந்தது. சமையலறையில் கரண்டி விழுந்தால்கூட அம்மா வாயில் விரலை வைத்துவிடுவார்.

அப்படிக் கிசுகிசுத்தே வளர்ந்த ராதிகா அக்காவுக்கு இப்போது அதுவே வம்பாகிவிட்டது. அக்கா தருமபுரியில் கல்லூரிக் கடைசி வருஷம் படிக்கிறாள். போன மாதம் வேலைக்கு ஆள் எடுக்க ஒரு கம்பெனி வந்தது. எதிரே உட்கார்ந்தவர்கள் சத்தமாகச் சொல்லம்மா என்று கேட்கக் கேட்க, அக்காவின் குரல் உள்ளே உள்ளே போய்விட்டது. நாளைக்கு இன்னொரு கம்பெனி வருகிறது.

அன்று சாயங்காலம் அக்கா களியைத் தொடவே இல்லை.

"நான் நாளைக்குப் போகல யுவா" என்றாள்.

கொட்டகைக்குள் வந்த பாம்பை ஒற்றைக் குச்சியால் விரட்டியவள் இந்த அக்கா. இவளே பயந்தால்? வகுப்பில் யுவராணி சொல்லும் பதிலும் டீச்சருக்குக் கேட்பதில்லை. பெரியவளானால் தனக்கும் இதே கதிதானா?

"எதுக்குக்கா இவ்வளவு பயம்?"

"படிப்பு முடியப்போவுது. அப்புறம் என்ன பண்றதுன்னே தெரியல. இதுவும் போச்சுன்னா?"

யுவராணி அக்காவின் கையைப் பிடித்து மல்பெரித் தோட்டத்துக்கு இழுத்துப் போனாள். அக்காவை ஒரு வரப்பில் நிறுத்திவிட்டு, எதிர் வரப்புக்கு ஓடினாள்.

"உங்களப் பத்திச் சொல்லுங்க" என்று கத்தினாள். தன் குரலைக் கேட்டுத் தானே திடுக்கிட்டாள்.

அக்கா மனப்பாடம் செய்த இங்கிலீஷை முனகினாள். ஒரு வார்த்தைகூட இந்தப் பக்கம் வரவில்லை.

இருட்டத் தொடங்கியது. செடிக்குள் எதுவோ சரசரத்தது. யுவராணிக்கு ஓடிவிடலாம் போல இருந்தது. ஓடினால் அக்கா நாளைக்குப் போக மாட்டாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். செடிக்குள்ளிருந்து பக்கத்து வீட்டுக் கோழி வெளியே வந்தது.

"கேக்கலைங்க. நான் புழு வளக்கணும். என்ன பண்ணணும், அதையாவது சொல்லுங்க" என்று யுவராணி மறுபடி கத்தினாள்.

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மொதல்ல கொட்டகையைச் சுத்தம் பண்ணுங்க" என்றாள். அரைகுறையாகக் கேட்டது.

"அப்புறம்?"

"ஈரத் தழை போடாதீங்க. புழுவுக்கு நோவு வந்துரும்."

இது நன்றாகவே கேட்டது. யுவராணி விடாமல் கேள்வி கேட்டாள். தெரிந்த விஷயமாயிற்றே, அக்காவின் குரல் ஏறிக்கொண்டே போனது. பிறகு அதே குரலில் இங்கிலீஷையும் சொல்லச் சொன்னாள் யுவராணி. செடிகளைத் தாண்டி அது வந்து சேர்ந்தது.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் யுவராணிக்குப் பாடமே ஏறவில்லை. வீட்டுக்கு வந்து, அம்மாவோடு கொட்டகையில் தழை போட்டுக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அம்மா அதைக் காதில் வைத்தார். தள்ளி நின்ற யுவராணிக்கே அக்காவின் குரல் கேட்டது.

"வேலை கெடச்சிருச்சும்மா."

அம்மா தோட்டத்தில் இருந்த அப்பாவைப் பார்த்து, கொட்டகை அதிரக் கத்தினார். "ஏங்க, நம்ம ராதிகாவுக்கு வேலை கெடச்சிருச்சுங்க!"

கத்திய பிறகுதான் நினைவு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு பயத்தோடு புழுத் தட்டுகளைப் பார்த்தார். யுவராணியும் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

புழுக்கள் எதையும் கண்டுகொள்ளாமல் தழையைத் தின்றுகொண்டிருந்தன.