ஆத்தா கூழு

மருந்துக்கடையிலிருந்து திரும்பிய குணசுந்தரிக்கு, படி ஏறும்போதே புருஷனின் மூச்சில் புளிப்பு நாறியது. தெருமுனைக் கோயிலின் கற்பூரம், உருக்காலைகளின் கரிப்புகை, அறையின் டெட்டால் நெடி எல்லாவற்றுக்கும் அடியில், கழுவாமல் மூடிவைத்த பால்சட்டியின் நாற்றத்தோடு ஏதோ ஒன்று ஈரமாகக் களகளத்துக்கொண்டிருந்தது.

லோகுவுக்கு மண்டையோட்டின் அடியில், தொண்டைக்கு இறங்கும் நரம்பில் கட்டி. புற்று இல்லை, எடுத்தாகிவிட்டது. ஆனால் நரம்பு இன்னும் விழிக்கவில்லை. மூச்சுக்குக் கழுத்தில் துளையிட்டு ஒரு குழாய், ஆகாரத்துக்கு மூக்கில் ஒரு குழாய். மயக்கமருந்து டாக்டர் பொறுமையாகச் சொல்லியிருந்தார்: "வாயில ஒரு சொட்டுத் தண்ணிகூட வேணாம்மா. அவருக்குப் புரையேறாது, இருமலும் வராது. சத்தமில்லாம நுரையீரலுக்குப் போயிடும்."

கட்டிலைச் சுற்றி அக்கம்பக்கத்துப் பெண்கள். மாமியார் கன்னியம்மாவின் மடியில் சொம்பு.

"இன்னா அத்தை குடுத்தீங்க?"

"வேண்டுதல் கூழும்மா. யாருக்கோசரம் வேண்டினமோ அவன் வாய்ல மொதல்ல ஊத்தணும்ல?"

"எதுவும் குடுக்கக்கூடாதுன்னு சொன்னேனே!"

"டாக்டரு சோறு தண்ணிதான வேணான்னாரு? ஆத்தா கூழு இன்னா பண்ணும்? பாரேன், இருமக்கூட இல்ல!"

"கொயந்த மாதிரி சிரிச்சிக்கினே வாங்கிக்கிச்சு," என்றாள் எதிர்வீட்டு மணியம்மாள், கண் கலங்க. "நாங்களும் ஆளுக்கு ஒரு வாய் குடுத்தோம்."

அந்த அறையில் கெட்ட மனசு ஒன்றுகூட இல்லை. அவள் ஆஸ்பத்திரிக்கு அலைந்த நாளெல்லாம் அவள் பிள்ளைகளுக்குச் சோறு பிசைந்து ஊட்டிய கைகள்தாம் அத்தனையும்.

"நூத்தியெட்டுக்குப் போன் போடுங்கக்கா!"

சளி உறிஞ்சும் மெஷினைப் போட்டாள். மெல்லிய குழாயைக் கழுத்துத் துளைக்குள் இறக்கினாள். ஜாடியில் சொத்தென்று விழுந்தது. சாம்பல் நிறத்தில், கொழகொழவென்று, சளி நூல் சுற்றிய நொய். வெங்காயத் துணுக்கு. ஒரு முருங்கை இலை, முழுசாக.

குழாயை இன்னும் ஆழமாக இறக்கி உறிஞ்சினாள்.

மறுபடி.

குழாயில் கூழ் ஏறிக்கொண்டே இருந்தது. அவன் நகங்கள் நீலம். உதடும்.

ஒரு இருமல். மாரியாத்தா, ஒரே ஒரு இருமல்.

வரவில்லை.

கழுத்துத் துளையில் கூழ்க் குமிழி ஒன்று உப்பியது. உடைந்தது. உப்பியது. அதற்கு மேலே லோகு தன் தாயைப் பார்த்துச் சிரித்தபடி, அடுத்த வாய்க்காக வாயை அகலத் திறந்தான்.